வன்னிக்கு ஒரு பொறியியல் அலுவலகம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தொழில்நுட்ப உத்தியோகத்தராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறேன். தேத்தண்ணிக் கடையில் இருந்தாலும் சரி, கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்குப் போனாலும் சரி, ஒரு செத்தவீட்டில் பந்தலுக்குக் கீழே இருந்தாலும் சரி, கொஞ்ச நேரத்தில் கதை இங்கேதான் வந்து நிற்கும்: வீதி, குளம், மதகு, கட்டடம் எல்லாவற்றையும் மேற்பார்வை செய்ய வன்னிக்கென்று ஓர் அரச பொறியியல் அலுவலகம் வேண்டும். கேட்கிற கேள்விகளும் அதே கேள்விகள்தான். வாயால் சொல்லிக் களைத்துப்போனேன், எழுதி வைக்கிறேன்.

அண்ணை, திணைக்களங்கள் இவ்வளவு இருக்க இன்னொன்று எதற்கு?

நியாயமான கேள்வி. எனக்கும் புதுத் திணைக்களத்தில் ஆசை இல்லை. பெயர்ப்பலகையும் குளிரூட்டியும் ஒரு வெள்ளை வாகனமும் வருவதை நான் அலுவலகம் என்று சொல்லவில்லை. குழி வெட்டுகிற அன்று குழிக்குப் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும், அவர் எழுதி வைத்தது இருபது வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஓர் அலுமாரியில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அதை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் எனக்குச் சம்மதம். இரண்டும் இல்லாமல் மூன்று மாடி கட்டினாலும் பிரயோசனம் இல்லை.

வன்னியில் வேலைக்குக் குறைவில்லை. 2009க்குப் பிறகு வீதிகளும் பாலங்களும் பாடசாலைக் கட்டடங்களும் எவ்வளவோ வந்தன. வேலை நடக்கும்போது பார்ப்பதற்கும், முடிந்த பிறகு பராமரிப்பதற்கும்தான் ஆள் காணாது.

எங்கள் ஊர் வீதி யாருடையது?

வீதியின் எழுத்தைக் கேளுங்கள். ஏ, பி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, கொழும்பு. ஏ9, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ34, பரந்தனிலிருந்து போகிற ஏ35 எல்லாம் அதற்குள் வரும். சி, டி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். மிச்ச ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபையுடையவை. இதைவிட, குளக்கட்டு மேல் ஓடுகிற வீதி நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குச் சொந்தமாக இருக்கலாம், காட்டுக்குள் போகிறது என்றால் வன இலாகாவையும் கேட்க வேண்டும்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சி வீதியில் ஒரு சபை ஒழுங்கை வந்து ஏறுகிற இடத்தில் மதகு உடைந்தால் என்ன நடக்கும் தெரியுமா? அதைச் சொல்லப் போன ஒரு கிழவரை மூன்று கந்தோருக்கு அலைக்கழித்ததை நானே பார்த்திருக்கிறேன். மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. அவரவர் கோப்பில் அந்த மதகு இல்லை, அவ்வளவுதான்.

குளம்?

இது பெரிய கதை. ஒரு கமநல நிலையத்தின் பிரிவுக்குள் கீழே ஒரு பெரிய குளமும் மேலே நாலைந்து சின்னக் குளங்களும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம், வன்னியில் எங்கே பார்த்தாலும் அப்படித்தான், ஒன்று நிரம்பி அதன் வான், அதாவது மேலதிகத் தண்ணீர் வழிகிற இடம், பாய்ந்தால் அடுத்ததற்குப் போகும், அதன் வான் பாய்ந்தால் அதற்கடுத்ததற்கு. இதில் 80 ஹெக்டேயருக்குக் குறைவாக, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்குக் குறைவாக வயல் உள்ள குளம் சின்னக் குளம், அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதைவிடப் பெரியது நீர்ப்பாசனம். நீர்ப்பாசனத்திலும் இரண்டு இருக்கிறது. ஆறு மாகாணத்துக்குள்ளேயே பிறந்து மாகாணத்துக்குள்ளேயே முடிந்தால் மாகாண நீர்ப்பாசனம், வேறு மாகாணத்திலிருந்து வந்தால் மத்திய நீர்ப்பாசனம். கனகராயன் ஆறு முழுக்க வடக்குக்குள் ஓடுவதால் அந்த ஆற்றில் கட்டிய இரணைமடுக் குளம் மாகாணத்திடம் இருக்கிறது. அநுராதபுரப் பக்கமிருந்து வருகிற அருவி ஆற்றை நம்பி நிற்கிற மன்னார் கட்டுக்கரைக் குளம் மத்தியிடம்.

இப்போது மேலே உள்ள ஒரு சின்னக் குளத்தின் கட்டு உடைகிறது. அந்தத் தண்ணீர் அப்படியே கீழே இறங்கி அடுத்த குளத்தைத் தள்ளும். அங்கே வான் எவ்வளவு அகலம் என்று மேல் குளத்துக்குப் பொறுப்பானவருக்குத் தெரியாது, மேலே எத்தனை குளம் திருத்தாமல் கிடக்கிறது என்று கீழ்க் குளத்துக்குப் பொறுப்பானவருக்குத் தெரியாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது எல்லாருடைய வாயிலும் இரணைமடு வான்கதவுக் கதைதான். பெரிய குளத்தைப் பற்றியாவது பேச ஆள் இருந்தது. அதற்கு மேலே கிடக்கிற சின்னக் குளங்களின் பட்டியலை வரிசையாக ஒரு தாளில் கேட்டால் ஒருவரிடமும் ஒன்றாக இருக்காது.

ஆகவே அலுவலகம் என்று ஒன்று வந்தால் நான் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். ஆற்று வடிநிலம் ஒன்றுக்கு ஒரு படம், அதில் எல்லாக் குளமும், யாருடையதாக இருந்தாலும். ஒவ்வொன்றின் வான் மட்டம், கட்டு உயரம், துருசு, அதாவது வயலுக்குத் தண்ணீர் விடுகிற மடை, எந்த நிலையில் இருக்கிறது, கடைசியாக யார் எப்போது போய்ப் பார்த்தது. இதற்குப் பெரிய காசு வேண்டாம். ஒரு மட்டமானி, ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு கோடை.

பழைய காலத்தில் நன்றாக இருந்தது என்கிறார்களே?

பாதி உண்மை. வெள்ளைக்காரன் காலத்தில் பொதுவேலைப் பகுதி, எங்கள் ஆட்கள் பிடபிள்யூடி என்றே சொல்வார்கள், வீதியையும் கட்டடத்தையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருந்தது. குளங்களும் அதற்குள்தான் இருந்தன, 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியாகப் பிரிந்தது. இரணைமடுவுக்கு யோசனை சொன்னவர் ஹென்றி பார்க்கர், அது 1885இல். மண்வெட்டி போட்டது 1902இல். யோசனைக்கும் வேலைக்கும் நடுவில் பதினேழு வருடம், எனவே கோப்பு தூங்குவது இன்றைக்கு வந்த வியாதி இல்லை.

அந்த ஏற்பாட்டில் நல்லது என்று நான் சொல்வது ஓவசியரைத்தான். இத்தனை மைலுக்கு ஓர் ஓவசியர், அவருக்குக் கீழே ஒரு கூட்டம் ஆட்கள், வீதியோரத்தில் ஒரு குவாட்டர்ஸ். மழை பெய்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மதகு மதகாகப் பார்ப்பார், அடைத்திருந்தால் இழுத்து விடுவார். குளத்துக்கு வட்டவிதானையார் இருந்தார், தண்ணீர் விடுவதும் கட்டில் பற்றை வெட்டுவிப்பதும் அவர் பொறுப்பு. 1958 நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவி போய்விட்டது. விதானைமார் எல்லாரும் தங்கம் என்று சொல்ல மாட்டேன், அவர்களுடைய அட்டகாசங்களும் ஊரில் கதையாக இருக்கின்றன. ஆனால் கட்டில் ஓட்டை என்றால் யாருடைய வீட்டுப் படலையைத் தட்டுவது என்று ஊருக்குத் தெரியும்.

இப்படி ஓர் அலுவலகத்தை யார் உருவாக்கலாம்?

மாகாண மட்டத்தில் என்றால் பிரதம செயலாளர் பக்கமிருந்து தொடங்க வேண்டும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாண வீதியும் மாகாணத்துக்குள் அடங்கும் நீர்ப்பாசனமும் மாகாணத்தின் விடயம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு ஆளுநர்தான் எல்லாம். மாவட்ட மட்டத்தில் கேட்பதென்றால் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் வைக்கலாம், கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, எழுதலாம்.

ஆனால் ஒரு விடயம் சொல்கிறேன், எழுதி வையுங்கள். கட்டடம் கேட்டால் கிடைக்கும், ஆளணி கேட்டால்தான் தெரியும். புதிதாக ஒரு பொறியியலாளர் பதவி, இரண்டு தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஒரு படவரைஞர் என்றால் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அனுமதிக்க வேண்டும். ஒரு சாரதிப் பதவிக்கே கடிதம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். அதனால் புதிய ஆளணி கேட்பதைவிட, இருக்கிற திணைக்களங்களின் வெற்றிடங்களை முதலில் நிரப்பி, அவர்களை ஒரே இடத்தில் இருத்தி, ஒரே பட அலுமாரியைப் பாவிக்கச் செய்வது சுலபம் என்பது என் எண்ணம். பெரிய விழா எடுக்க ஏற்றதல்ல என்பதால் அரசியல்வாதிகளுக்கு இது பிடிக்காது.

எங்கே வைப்பது?

மாங்குளம். ஏ9உம் ஏ34உம் சந்திக்கிற இடம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றுக்கும் ஐம்பது கிலோமீற்றருக்குள். மன்னார்க்காரர் கோபிப்பார்கள், அவர்களுக்கு மடுப் பக்கம் ஓர் உப அலுவலகம்.

பொறியியலாளர்கள் வன்னிக்கு வந்து தங்குவார்களா?

எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்கிற கேள்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமே கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. இரணைமடுவிலிருந்து கூப்பிடுதூரம். அங்கே படித்து முடிக்கிற பிள்ளைகள் கட்டாருக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள் என்று குறைசொல்லிப் பயன் இல்லை, நான் அந்த வயதில் என்றால் நானும் போயிருப்பேன். தங்குவதற்கு ஒழுங்கான ஒரு குவாட்டர்ஸ் இல்லை, பிள்ளையைச் சேர்க்கப் பாடசாலை தேட வேண்டும், பெண் பொறியியலாளர் என்றால் வேலைத்தளத்தில் ஒரு மலசலகூடம்கூடக் கிடையாது. வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸைப் பிடித்துப் போய்த் திங்கள் பத்து மணிக்கு வருகிறார் என்று உத்தியோகத்தரைத் திட்டுவோம். கொங்கிறீற் போடுவது பெரும்பாலும் சனிக்கிழமை என்பதைக் கொந்தராத்துக்காரர் மட்டும் கவனித்து வைத்திருப்பார்.

எனவே அலுவலகத்துக்கு முதல் வீடு கட்டுங்கள். ஆறு குடும்பம் இருக்கக்கூடிய குவாட்டர்ஸ். இதைச் சொன்னால் கூட்டத்தில் ஒருவரும் குறித்துக்கொள்வதில்லை.

வேலை எல்லாம் ஏன் மழை தொடங்கும்போது தொடங்குகிறது?

இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடைய பெருமழை ஒக்ரோபரில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் கொட்டும். அதற்குள் காலபோகம் விதைத்தாகிவிடும். சிறுபோகத்துக்குக் குளத்தில் இருக்கிற தண்ணீரைக் கணக்குப் பார்த்து விடுவார்கள், அது முடிய ஓகஸ்ட் ஆகும். துருசில் கைவைக்க வேண்டுமென்றால் குளம் வற்ற வேண்டும். ஆக, துருசு வேலைக்கு உண்மையாகக் கிடைப்பது ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் முடிவு வரை, ஆறு கிழமை, கூடினால் எட்டு.

அரசாங்கத்தின் வருடமோ ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கீட்டுக் கடிதம் வர மாசி, பங்குனி ஆகும். அதற்குப் பிறகுதான் போய் அளப்பார்கள், மதிப்பீடு போடுவார்கள், அனுமதி, கேள்விக்கோரல், ஒப்பந்தம். கொந்தராத்துக்காரர் மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வரும்போது வானம் கறுத்திருக்கும். ஈரமண்ணில் ரோலர் ஓடாது, ஓடினாலும் மண் இறுகாது. குளக்கட்டுக்கு மண் போடுவதென்றால் ஆறு அங்குலம் போட்டு, ஈரம் பார்த்து, உருட்டி, சோதித்து, பிறகு அடுத்த ஆறு அங்குலம். மழைக்குப் பயந்து இரண்டு அடியை ஒரேயடியாகக் கொட்டி மேலே ஒருக்கால் ரோலரை ஓடவிட்டால் பார்வைக்குக் கட்டு அழகாகத்தான் இருக்கும், உள்ளே பஞ்சு. டிசம்பர் 31க்கு முன் பில் போடாவிட்டால் காசு திரும்பிப் போய்விடும், அதனால் முடியாத வேலையை முடிந்ததாக எழுதச் சொல்லி எல்லாப் பக்கமும் நெருக்குவார்கள்.

மருந்து ஒன்றுதான். இந்த வருடக் கோடையில் அடுத்த வருட வேலைக்கு அளந்து வைப்பது. ஒதுக்கீடு வருகிற அன்று மதிப்பீடும் படமும் தயாராக இருந்தால் சித்திரைக்குள் ஒப்பந்தம் முடிக்கலாம். கந்தோரில் ஆள் இருந்தால் செய்யலாம். மூன்று பிரிவுக்கு ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்றால் அவர் இன்றைய வேலையையே பார்த்து முடிக்க மாட்டார்.

கிரவல் றோட்டில் எப்படிக் களவு நடக்கிறது?

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோமீற்றர் நீளம், 12 அடி அகலம், உருட்டி இறுகியபின் ஆறு அங்குலத் தடிப்பு என்றால் ஏறத்தாழ 197 கியூப். கியூப் என்றால் 100 கன அடி. கிரவல் உருட்டினால் அமுங்கும், ஆகவே டிப்பரில் வருவது 250 கியூப் அளவில் இருக்க வேண்டும், மூன்று கியூப் டிப்பர் என்றால் எண்பதுக்கு மேற்பட்ட தடவை. ஊரில் ஒரு பொடியனைச் சந்தியில் இருத்தி எண்ணச் சொல்லுங்கள். ஐம்பத்தைந்தில் நின்றுவிட்டது என்றால் தடிப்பு நாலு அங்குலம்தான் இருக்கும், மூன்றில் ஒரு பங்கு எங்கேயோ போய்விட்டது.

ஆனால் டிப்பரை எண்ணிக் காசு கொடுக்கக்கூடாது, அது ஊருக்கான கணக்கு. கந்தோர்க் கணக்கு, உருட்டி முடித்தபின் இடைக்கிடை குழி தோண்டித் தடிப்பை அளந்து அளவைப் புத்தகத்தில் எழுதுவது. அந்தப் புத்தகத்தில் எழுதியதை அழிக்க முடியாது, வெட்டினால் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், ஒற்றை கிழிக்க முடியாது, பக்கத்துக்கு இலக்கம் உண்டு. கணக்காய்வுக்காரர் வந்தால் முதலில் கேட்பதும் அதைத்தான்.

நீங்கள் பிழை விட்டதே இல்லையா?

விட்டிருக்கிறேன். ஒரு மதகுக்கு அத்திவாரம் வெட்டி முடிந்தது என்று காலையில் சொல்லி அனுப்பினார்கள். நான் அன்று இன்னொரு பிரிவில், இடையில் ஐம்பது கிலோமீற்றர், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும் அளவு. அடுத்த நாள் மத்தியானம் போய்ச் சேர, கொங்கிறீற் போட்டு மூடியிருந்தது. அடியில் கடுமண் வரை போனீர்களா என்று கேட்டேன், போனோம் ஐயா என்றார்கள். நம்பிக் கையெழுத்து வைத்தேன். முதல் மாரிக்கே ஒரு பக்கம் தாழ்ந்தது. அந்தக் கொந்தராத்துக்காரருடைய பில்லில் பிடித்து வைத்திருந்த நிறுத்திவைப்புப் பணத்தில் திருத்தினோம், நல்லகாலம் பிழை வந்தால் அவர் பொறுப்பேற்க வேண்டிய காலம் முடியவில்லை. ஊர்ச்சனம் இன்றைக்கும் அதை என் மதகு என்றுதான் சொல்கிறது.

ஊர்ச் சங்கங்கள் வேலையை எடுத்துச் செய்யலாமா?

சின்ன வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் கொடுக்கிறார்கள், நல்ல ஏற்பாடு, பலதை அவர்கள் கொந்தராத்துக்காரரைவிட நன்றாகவே செய்கிறார்கள், ஏனென்றால் நாளைக்கு அந்த வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் பட்டினி கிடப்பது அவர்கள்தான். ஆனால் சங்கத்தின் பெயரில் எடுத்து, பின்னால் ஒருவரிடம் விற்றுவிடுகிற பழக்கமும் உண்டு. சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

இலஞ்சம்?

அலுவலகம் திறந்தால் இலஞ்சம் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. அளப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர், காசு கொடுப்பவர் மூன்றாமவர் என்று இருந்தால் இலஞ்சம் வாங்கக் கஷ்டப்பட வேண்டியிருக்கும். இப்போது பல இடத்தில் மூன்றும் ஒரே மேசையில் நடக்கிறது, ஆள் இல்லாததால்.

காடு, கண்ணிவெடி அனுமதிகள்?

புதிதாக மண் அள்ளும் இடம் என்றால் கண்ணிவெடி அகற்றிய இடமா என்று கேட்காமல் பெக்கோவை இறக்காதீர்கள். கைவிட்ட சின்னக் குளங்கள் பல இப்போது வனப் படத்துக்குள் போய்விட்டன, கட்டில் ஒரு மரம் வெட்டவும் வன இலாகாவின் கடிதம் வேண்டும். ஆற்று மணலுக்கும் கிரவலுக்கும் புவிச்சரிதவியல் பணியகத்தின் அனுமதி. இந்த மூன்று கடிதத்துக்கும் அலைவதற்கே அலுவலகத்தில் ஓர் ஆளைத் தனியாகப் போடலாம்.

மதிப்பீட்டையும் அளவைப் புத்தகத்தையும் நாங்கள் கேட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கந்தோரின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலும் அவர் எழுதி எடுக்க வேண்டும். எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவோம், தரமாட்டோம் என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மறுத்தால் ஆணைக்குழு. கேட்கும்போது “வீதி பற்றிய எல்லா விபரமும்” என்று கேட்காதீர்கள், ஒன்றும் வராது. இந்த வேலையின் மதிப்பீடு, ஒப்பந்தம், அளவைப் புத்தகத்தின் இத்தனையாம் பக்கம், கொங்கிறீற் கட்டிகளை 28 நாள் வைத்துப் பலம் பார்த்த சோதனையின் முடிவு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டாலே சிலருக்கு வியர்க்கும்.

அலுவலகம் வரும்போது வரட்டும், இந்த மாரியில் எங்கள் குளக்கட்டில் கசிவு கண்டால் என்ன செய்வது?

முதலில் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். கட்டின் வெளிப்பக்க அடியில் தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் பக்கத்தில் ஒரு தடி நட்டு, நேரத்தையும் குளத்தின் அடிக்கணக்கையும் ஒரு கொப்பியில் எழுதி, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஆள் மாறிப் போய்ப் பாருங்கள், கூடுகிறதா என்று. கலங்கி மண்ணோடு வந்தால் கட்டின் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அப்போது நேரம் இல்லை. வெளிப்பக்கத்தில் களிமண்ணை வைத்து வாயை அடைக்காதீர்கள், எல்லாரும் செய்கிற பிழை அதுதான், தண்ணீர் வேறு பக்கத்தால் கிளம்பும். ஊற்றைச் சுற்றி மண்மூடையை வட்டமாக அடுக்கி, உள்ளே மணலும் அதன் மேல் சல்லியும் போடுங்கள், தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. கீழே உள்ள வீடுகளை எழுப்புங்கள். சின்னக் குளம் என்றால் கமநல நிலையம், பெரியது என்றால் நீர்ப்பாசனப் பொறியியலாளர், எதுவாக இருந்தாலும் கிராம அலுவலரும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117உம். இரவு என்றால் 117ஐ முதலில் எடுங்கள். கீழே இன்னொரு குளம் இருந்தால் அந்த ஊர்க் கமக்காரர் அமைப்புத் தலைவருக்கும் ஒரு அழைப்பு எடுங்கள், அவருடைய நம்பரை இன்றைக்கே வாங்கி வையுங்கள்.